மின்கசிவு என்றொரு சொல்

தமிழ் நாளிதழ்களை நெடுங்காலமாக வாசித்து வருபவர்களுக்குத் தீ விபத்துச் செய்தியின் கடைசி வரி மனப்பாடமாக இருக்கும். எரிந்தது குடிசையானாலும் சரி, ஜவுளிக்கடையின் கிடங்கானாலும் சரி, மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரிய வந்திருக்கும். இரண்டாம் கட்ட விசாரணையில் என்ன தெரிய வந்தது என்ற செய்தியை நாம் அநேகமாக வாசிப்பதில்லை.

மின்கசிவு என்பது நல்ல சொல்லாக்கம்தான். ஆனால் அது வெவ்வேறான மூன்று நிகழ்வுகளுக்கு ஒரே பெயராகிவிட்டது. மின்சாரம் தன் பாதையை விட்டு விலகி ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ தரைக்கு இறங்குவது கசிவு. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது குறுக்குச் சுற்று; நாம் ஷார்ட் சர்க்யூட் என்போம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. எங்கும் கசியாமல், எதுவும் முட்டிக்கொள்ளாமல், தளர்ந்துபோன ஓர் இணைப்பிலோ சுமை தாங்காத ஒரு மெல்லிய கம்பியிலோ மணிக்கணக்காக வெப்பம் சேர்ந்து, அருகிலிருக்கும் பிளாஸ்டிக்கையோ திரைச்சீலையையோ பற்றவைப்பது. முதலிரண்டையும் கண்டறிந்து துண்டிக்கக் கருவிகள் இருக்கின்றன. மூன்றாவது நடக்கும்போது ஃபியூஸ் போவதில்லை, மீட்டரும் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிடும்போது, அந்த வீட்டில் சுவருக்கும் சாதனத்துக்கும் நடுவே என்ன செருகப்பட்டிருந்தது என்ற கேள்வி எழாமலே போகிறது. நடுவே செருகப்படும் அந்தப் பொருளை அடாப்டர் என்கிறோம். ஒரு துளையிலிருந்து மூன்று பிளக்குகளுக்கு வழிவிடும் வெள்ளைக் கட்டைக்கும் அதே பெயர். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கருப்புப் பெட்டிக்கும் அதே பெயர். இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றே என்பதால் இந்தக் குழப்பத்தை நாம் திருத்தவேண்டியதில்லை. சுவர் தருவது ஒன்றாகவும் வீட்டுக்கு வேண்டியது வேறொன்றாகவும் இருக்கும் இடத்தில்தான் அடாப்டர் பிறக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரம் நுழைந்த அமெரிக்க வீடுகளில் சுவரில் பிளக் பாயிண்ட் என்ற ஒன்றே கிடையாது. மின்சாரம் விளக்குக்காக மட்டுமே வந்தது. பின்னால் விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் ரொட்டி சுடும் கருவியும் விற்பனைக்கு வந்தபோது அவற்றை மாட்ட விளக்கு ஹோல்டர் ஒன்றுதான் இருந்தது. பல்பைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இஸ்திரிப்பெட்டியின் முனையைத் திருகவேண்டும். திருகத் திருகக் கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹார்வி ஹப்பெல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பாதி ஹோல்டரிலேயே திருகப்பட்டு நிற்கும், மறு பாதியைத் தேவைப்படும்போது செருகிக்கொள்ளலாம், பிடுங்கிக்கொள்ளலாம். 1904-ல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. இன்றைய பிளக்கின் முன்னோர்களில் ஒன்று அது. கவனித்தால் அது ஓர் அடாப்டரும்கூட. பல்புக்கென்று அளவெடுத்து இழுத்த கம்பியில் இஸ்திரிப்பெட்டியின் சுமையை ஏற்றுவதற்கு அது வாசலைத் திறந்துவிட்டது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. நம் வீடுகளிலும் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு வழி, ‘பவர் பிளக்’குக்கு வேறொரு வழி என்று இரண்டு உலகங்கள் இருந்தன, 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று துளைகளின் அளவே வேறு. ஒற்றை விளக்குக்கென்று இணைப்புப் பெற்ற குடிசைகளில் அந்த விளக்கின் ஹோல்டரே வீட்டின் முழு மின்நிலையமாக இருந்தது. முதலில் ரேடியோ, பிறகு சிறிய மேசை விசிறி, இந்த நூற்றாண்டில் செல்பேசி என எல்லாம் அதிலிருந்தே கிளைத்தன.

இந்த ஆபத்தை முதலில் கணக்கெடுத்தவர்கள் விஞ்ஞானிகளோ அரசாங்கமோ அல்லர், காப்பீட்டு நிறுவனத்தார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி மின்விளக்குகளால் ஜொலித்தது. தீக்காப்பீட்டுக்காரர்களுக்கு அந்த ஜொலிப்பு கவலையைத் தந்தது. கண்காட்சியின் மின்னமைப்பைப் பரிசோதிக்க வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் பொறியாளரை வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டிலேயே, 350 டாலர் பெறுமான கருவிகளோடு, அவர் ஒரு சோதனைக்கூடம் தொடங்கினார். அதுவே பின்னர் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் ஆயிற்று. மின்பொருள்களின் அடியில் வட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகளாக நாம் பார்க்கும் முத்திரை அவர்களுடையது. (1894 மார்ச்சில் அங்கே நடந்த முதல் சோதனை, தீப்பற்றாத காப்புப் பொருளாக முன்வைக்கப்பட்ட கல்நார்த் தாளைப் பற்றியது. அக்காலத்துக்குப் பாதுகாப்பாகத் தெரிந்த கல்நார் நுரையீரலை என்ன செய்யும் என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.) பரிசோதனை என்ற கலாசாரமே காப்பீட்டின் வயிற்றிலிருந்து பிறந்தது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளவேண்டும். எரிந்தால் யாருக்கு நஷ்டமோ அவர் பரிசோதித்தார். காப்பீடே இல்லாத வீடு எரிந்தால் நஷ்டம் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

1920-களில் ரேடியோ வந்தது. அன்றைய ரேடியோ மின்கலங்களில் ஓடியது. அவை விலையுயர்ந்தவை, அமிலம் சிந்தி விரிப்பைப் பொசுக்குபவையும்கூட. அந்தக் கலத்தை ஒழித்துவிட்டு வீட்டு மின்சாரத்திலேயே ரேடியோவை இயக்க வந்த பெட்டிக்கு ‘பேட்டரி எலிமினேட்டர்’ என்று பெயர். 1925 வாக்கில் அது பெரும் வணிகம். ரேதியான் நிறுவனம் அதற்கான வால்வைச் செய்துதான் தலைதூக்கியது. 1928-ல் சிகாகோவில் பால் கால்வின், திவாலான ஒரு நிறுவனத்தின் எலிமினேட்டர் தயாரிப்பை 750 டாலருக்கு ஏலத்தில் எடுத்துத் தன் தொழிலைத் தொடங்கினார். அந்தத் தொழிலகம் பின்னாளில் மோட்டோரோலா ஆனது. 1973-ல் கையடக்கச் செல்பேசியில் முதல் அழைப்பைப் பேசிக்காட்டிய நிறுவனம் அதுவே. செல்பேசியின் குலமுதல்வர் ஓர் அடாப்டர் என்று சொன்னால் மிகையில்லை.

எலிமினேட்டரின் இதயம் டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய இரண்டு செம்புச் சுருள்கள். அது மின்னழுத்தத்தைக் குறைக்கிறது என்பதே நாம் பள்ளியில் படித்தது. அதன் இரண்டாவது வேலையைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தப்புலம் மட்டும் அக்கரைக்குத் தாவுகிறது. சுவரின் மின்சாரம் இக்கரையிலேயே நின்றுவிடுகிறது. நம் உயிர் இருப்பது அந்தத் தொடாமையில். மலிவு அடாப்டர்களின் வரலாறு முழுவதையும் அந்தத் தொடாமையை எப்படிச் சிக்கனப்படுத்தினார்கள் என்ற வரலாறாகவே வாசிக்கலாம்.

முதல் சிக்கனம் 1930-களிலேயே வந்துவிட்டது. பொருளாதார மந்தக் காலம். இரும்புக்கும் செம்புக்கும் விலை கொடுக்க முடியாத சிறு ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மரையே நீக்கிவிட்டார்கள். வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே சுவரோடு இணைத்தார்கள். ஒரு வழக்கமான ஐந்து வால்வுப் பெட்டியில் இழைகள் அனைத்தும் சேர்ந்து கேட்பது சுமார் 69 வோல்ட். சுவர் தருவதோ ஏறக்குறைய 117. மிச்சத்தை எங்கே தொலைப்பது? மின்கம்பியிலேயே தொலைத்தார்கள். பிளக்கிலிருந்து ரேடியோவுக்கு வரும் கம்பிக்குள் கல்நார் சுற்றிய தடைக்கம்பி ஒன்றை ஓடவிட்டார்கள். 0.3 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 15 வாட் வெப்பம் அந்தக் கம்பியின் நீளம் முழுக்கப் பரவி வெளியேறும். கம்பி எப்போதும் சுடும். சுருட்டி வைத்தாலோ, திரைச்சீலைக்குப் பின்னே தொங்கவிட்டாலோ ஆபத்து. பழுது பார்ப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘திரை கொளுத்தி’. நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிச் சுருக்கியவர்கள் வால்வுகளை எரித்துக்கொண்டார்கள். பெட்டிக்குள்ளிருந்த உலோகச் சட்டம் மின்கம்பியின் ஒரு முனையோடு நேரடித் தொடர்பில் இருந்தது. மனிதருக்கும் அதற்கும் நடுவே மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும் மட்டுமே காவல். குமிழ் உடைந்து, தெரியும் தண்டை விரலால் திருகியவர்கள் பாடம் கற்றார்கள்.

நம் ஊரில் எலிமினேட்டர் என்ற சொல் வேறொரு காலத்தில், வேறொரு மணத்தோடு வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவும் பிறகு டேப் ரெக்கார்டரும் பரவிய ஆண்டுகளில், செல் வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் எலிமினேட்டரை நாடின. சென்னையில் ரிச்சி தெருவிலும், 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தருகே உருவான பர்மா பஜாரிலும் அவை குவிந்து கிடந்தன. 3, 4.5, 6, 9, 12 என்று எண்கள் போட்ட சுழற்சாவி, நான்கு முனையுள்ள பிளஸ் வடிவச் செருகி, தூக்கினால் கனக்கும் உடல். அந்தக் கனமே தரத்தின் அடையாளம் என்று வாங்குபவர்கள் கையில் எடைபோட்டுப் பார்த்ததும் ஒருவகையில் சரிதான். இரும்பும் செம்பும் குறைந்தால் எடை குறையும், சூடு கூடும். சுருளுக்குள் புதைத்து வைக்கவேண்டிய வெப்ப ஃபியூஸ் பலவற்றில் இருக்காது. ஆனாலும் சுருள்கள் தொட்டுக்கொள்ளாதவரை அந்தப் பெட்டி மெதுவாகத்தான் சாகும், சாவதற்குமுன் வார்னிஷ் கருகும் வாடையையும் அனுப்பிவைக்கும். அதன் இன்றைய வாரிசுக்கு அந்தக் கண்ணியம் கிடையாது.

சுவரின் கதைக்கு ஒருமுறை திரும்பவேண்டும். நம் வீட்டு உருண்டைத் துளைகள் 1934-ல் வெளியான பிரிட்டிஷ் தரநிர்ணயமான பி.எஸ். 546-லிருந்து வந்தவை. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே போருக்குப் பிந்தைய வீடுகளின் மின்னமைப்பைத் திட்டமிட ஒரு குழு கூடியது. மின்சாரத்தைப் பெண்களின் வீட்டுழைப்பைக் குறைக்கும் கருவியாகக் கண்டு இயக்கம் நடத்திய கரோலின் ஹாஸ்லெட் அதில் உறுப்பினர். 1947-ல் அந்தச் சிந்தனையின் விளைவாகப் புதிய பிளக் வந்தது. செவ்வகமான பித்தளைக் கால்கள், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ், குழந்தையின் விரலோ கம்பியோ நுழையாதபடி துளைகளுக்கு மூடி. ஆண்டைக் கவனியுங்கள். வெள்ளையர் தம் வீட்டுக்குப் புதிய பிளக்கைத் தேர்ந்த அதே ஆண்டு நாம் சுதந்திரம் பெற்றோம். அவர்கள் கைவிடத் தொடங்கிய பழைய பிளக்கோடு தங்கிவிட்டோம். இந்தியத் தரநிர்ணயம் 1293 என்ற எண்ணில் அதன் வம்சம் இன்றும் தொடர்கிறது.

இதில் ஒரு நுண்மையான சிக்கல் உண்டு. பழைய 5 ஆம்பியர் பிளக்கின் ஊசி 5.08 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. செல்பேசிச் சார்ஜர்கள் பலவற்றில் இருப்பது ஐரோப்பிய வகை இருகால் ஊசி. அதன் தடிமன் 4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இளைத்த கால் பெரிய துளைக்குள் நிற்கிறது. நல்ல செருகியின் உள்ளிருக்கும் பித்தளை இதழ் அதை இறுகப் பிடிக்கும். இதழ் தளர்ந்துவிட்ட பழைய பாயிண்டில் சார்ஜர் தன் எடைக்கே தலைகுனிந்து தொங்கும். நாம் அதற்கு முட்டுக்கொடுக்கத் தீப்பெட்டியையோ மடித்த காகிதத்தையோ தேடுவோம். (மின்சாரத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தீப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் நம் துணிச்சலுக்கு ஈடில்லை.) அந்தத் தளர்ந்த தொடுகையில் ஏற்படும் தடை அரை ஓம்தான் என்று கொள்வோம். செல்பேசியின் சிறு மின்னோட்டத்தில் அது பொருட்டல்ல. அதே பாயிண்டில் மூன்று வாய் அடாப்டர் ஒன்றைச் செருகி 5 ஆம்பியர் இழுத்தால், ஒரு பட்டாணி அளவு இடத்தில் பன்னிரண்டரை வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டத்தின் அளவு வரம்புக்குள் இருப்பதால் ஃபியூஸுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அதிலும், போன ஃபியூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரும்பு டிரான்ஸ்ஃபார்மரை வீட்டைவிட்டு அனுப்பியது ஸ்விட்ச் முறை மின்வழங்கி. ராக்கெட்டுகளுக்கும் ராணுவத்துக்கும் உரியதாக இருந்த அந்த நுட்பத்தைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தவற்றுள் 1977-ன் ஆப்பிள் II கணினி பெயர் பெற்றது. ராட் ஹோல்ட் அதை வடிவமைத்தார். 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வீணாகும் மின்சாரத்துக்கு வரம்பு விதித்தபோது கனத்த பெட்டிகள் விடைபெற்றன. புதிய முறையில் 230 வோல்ட் முதலில் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கட்டைவிரல் நகமளவு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் செலுத்துகிறார்கள். தொடாமை இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே அகழி சில மில்லிமீட்டர்தான். அகழியின் இரு கரைகளையும் இணைத்து இரைச்சலைக் குறைக்க ஒரு சிறப்பு மின்தேக்கி வேறு இருக்கிறது. உலோக உடல்கொண்ட மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுத் தடவும்போது விரலில் ஊர்கிற மெல்லிய அதிர்வு, எர்த் இல்லாத இருகால் அடாப்டரில் அந்த மின்தேக்கி வழியே வரும் மிகச்சிறு மின்னோட்டம்தான். அது பழுதானாலும் குறுக்காகாத வகையாக இருக்கவேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் சாதாரண மின்தேக்கியை வைத்து ஒரு ரூபாய்க்கும் குறைவாக மிச்சப்படுத்தினால், அது பழுதாகும் நாளில் செல்பேசியின் கம்பி சுவரின் கம்பியாகிவிடும்.

2012-ல் அமெரிக்கக் கணிப்பொறியாளர் கென் ஷெரிஃப் அசல் சார்ஜரையும் போலிகளையும் அறுத்துப் பார்த்து எழுதினார். வெளியே அச்செழுத்து வரை ஒன்றுபோலிருந்தவை உள்ளே வேறு வேறாக இருந்தன. காப்புத் தாள்கள் இல்லை, இடைவெளிகள் விதிக்கு மிகக் குறைவு. அடுத்த ஆண்டு ஜூலையில் சீனாவின் சின்ஜியாங்கில் விமானப் பணிப்பெண் ஒருவர், சார்ஜில் இருந்த செல்பேசியை எடுத்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. போலிச் சார்ஜரின்மேல் சந்தேகம் விழுந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனம் மூன்றாம் தரப்புச் சார்ஜர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு குறைந்த விலையில் அசலைத் தரும் திட்டத்தை அறிவித்தது. 2016-ல் எட்டு நாடுகளிலிருந்து இணையவழி வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை, மெரில் தொடங்கிய அதே நிறுவனம் சோதித்தது. மின்தாக்குச் சோதனையில் தேறியவை மூன்றே மூன்று. பன்னிரண்டு, ஆளைக் கொல்லக்கூடிய அளவுக்கு மோசம்.

அசல் என்றாலே அபயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2008-ல் ஆப்பிளின் குட்டிச் சார்ஜரில் ஊசி முறிந்து சுவரிலேயே தங்கியது. 2009-ல் நோக்கியா 1 கோடியே 40 லட்சம் சார்ஜர்களையும், 2014-ல் எச்.பி. அமெரிக்காவில் மட்டும் சுமார் 56 லட்சம் மின்கம்பிகளையும் திரும்பப் பெற்றன. ஆனால் இவற்றில் திரும்பப் பெற ஒருவர் இருந்தார், அவருக்கு முகவரி இருந்தது.

தீக்காயங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. 2019-ல் அமெரிக்க அவசர மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வறிக்கை, தலையணைக்கடியில் சார்ஜரை வைத்துப் படுத்திருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றியது. கழுத்துச் சங்கிலி சார்ஜர் கம்பியின் முனையைத் தொட்டதில் கழுத்தைச் சுற்றி வளையமாகப் பொசுங்கியது. மின்சாரம் மிகச்சிறு உலோகத் தொடுகையில் எவ்வளவு வெப்பத்தைக் குவிக்கும் என்பதற்கு அந்த வளையம் சாட்சி. கழுத்தில் சங்கிலியோடு உறங்கும் வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு பரவலானது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இந்தியா 2012-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. மின்னணுப் பொருள்கள் சிலவற்றை இந்தியத் தர நிறுவனத்தில் பதிவுசெய்த பின்னரே விற்கலாம். கணினி அடாப்டர்கள் தொடக்கப் பட்டியலிலேயே இருந்தன, செல்பேசிச் சார்ஜர்கள் சற்றுப் பின்னால் சேர்ந்தன. தர எண்ணும் அதன்கீழே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறியும் இருக்கும். எல்லாமே எறும்பளவு எழுத்து. அச்சடிப்பதற்குச் செலவில்லாத எதையும் போலி செய்பவர் விட்டுவைப்பதில்லை என்பதால், குறி இருப்பதே சான்றாகிவிடாது. பதிவு எண்ணைத் தர நிறுவனத்தின் செயலியில் தேடிப் பார்த்தால்தான் அது யாருடையது என்று தெரியும்.

2022 மார்ச்சில், வேலூரை அடுத்த சின்ன அல்லாபுரத்தில், புதிதாக வாங்கிய மின் ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். பழைய பிளக் பாயிண்டில் செருகியிருந்ததைப் பற்றிய பேச்சு உடனே எழுந்தது. நாடெங்கும் அடுத்தடுத்து நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகு, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து வாகன மின்கலங்களுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. வீட்டுச் சுவரிலிருக்கும் பாயிண்டுக்கு அப்படியொரு விதி எதுவும் புதிதாக வரவில்லை. அது எந்த ஆண்டு பொருத்தப்பட்டதோ அந்த ஆண்டிலேயே இருக்கிறது.

இதற்கிடையே 2020 அக்டோபரில் ஆப்பிள் தன் புதிய செல்பேசியின் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. வேறு சில நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வீடுதோறும் பழைய சார்ஜர்கள் இருக்கின்றன, குப்பை குறையும் என்பது காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் செல்பேசிகளுக்கு ஒரே வகைத் துளை என்று கட்டாயமாக்கியதற்கும் அதே காரணம்தான். குப்பை குறைவது நல்லதே. ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்குச் செல்பேசி வாங்குபவர் இனி சார்ஜரைத் தனியாக வாங்கவேண்டும். நடைபாதைக் கடையில் தொண்ணூறு ரூபாய்க்குக் கிடைப்பது கையில் எடுத்தால் காகிதம்போல் லேசாக இருக்கிறது. எலிமினேட்டரைக் கையால் எடைபோட்டு வாங்கிய தலைமுறை அதை அப்படியே திருப்பி வைத்திருக்கும்.